எல்டர்பெர்ரி சிரப்: காய்ச்சுவதா, வாங்குவதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். குளிர் தொடங்கினால் சளியும் இருமலும்தான். தோழிகள் எல்லாரும் எல்டர்பெர்ரி (எல்டர் செடியின் கருநீலப் பழம்) சிரப் கொடுக்கிறார்கள். 4 அவுன்ஸ் பாட்டில் 16 டாலர், ஒரு மாதம்கூட வருவதில்லை. உலர்ந்த பழம் ஒரு பவுண்டு 25 டாலருக்குக் கிடைக்கிறது. வீட்டில் காய்ச்சினால் மிச்சமாகுமா? பயமில்லாமல் கொடுக்கலாமா?

பதில்: மிச்சமாகும், அதுவும் நிறையவே. ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். ஒரு தடவை காய்ச்ச 100 கிராம் பழம் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் பாதியாக வற்றும்வரை காய்ச்சிப் பிழிந்து, 250 கிராம் தேன் கலந்தால் ஏறக்குறைய 600 மில்லி கிடைக்கும். பழத்துக்கு ஐந்தரை டாலர், தேனுக்கு நாலைந்து டாலர், ஆக பத்து டாலர் சுமாருக்கு முடிந்துவிடும். நீங்கள் வாங்கும் பாட்டில் கணக்கில் அது ஐந்து பாட்டில், 80 டாலர்.

ஆனால் இரண்டையும் ஒரே சரக்காக நினைத்துவிடாதீர்கள். கடைப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் செறிவூட்டிய பழச்சாறு. ஒரு கரண்டியில் எத்தனை கிராம் பழத்துக்கு ஈடு என்று சில நிறுவனங்கள் லேபிளில் போடுகின்றன. வீட்டில் காய்ச்சுவதில் அந்த அளவு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் மாறும். மருந்து போல வேளைக்கு இத்தனை மில்லி என்று கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டுமென்றால் வீட்டு சிரப் அதற்கு உதவாது. தோசைக்கும் தயிருக்கும் தொட்டுக்கொள்ள, வெந்நீரில் கலந்து குடிக்க என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

பாதுகாப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பழத்தில் சங்கதி இருக்கிறது. எல்டர் செடியின் இலை, தண்டு, வேர், பழுக்காத காய், விதை எல்லாவற்றிலும் உடலுக்குள் போனதும் சயனைடைக் கொடுக்கக்கூடிய பொருள் உண்டு. 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரே பக்கம் ஒரு கூட்டத்துக்கு வந்தவர்கள் காட்டு எல்டர்பெர்ரியை இலை, கிளையோடு சேர்த்துப் பிழிந்து சாறாகக் குடித்தார்கள். கால் மணி நேரத்துக்குள் 11 பேருக்குக் குமட்டலும் வாந்தியும். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எல்லாரும் பிழைத்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே இதை மறு ஆண்டு வெளியிட்டது. பச்சையாகப் பிழிந்ததும் தண்டோடு சேர்த்ததும்தான் அங்கே வினையானது.

ஆகவே பழத்தை வாங்கியதும் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பரப்புங்கள். விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துப் போட்டதுபோல மெல்லிய தண்டுத் துண்டுகள் கிடக்கும். பொறுமையாகப் பொறுக்கி எடுங்கள். தட்டில் பாதி தண்டாக இருந்தால் அந்தக் கடைக்காரரிடம் மறுபடி வாங்க வேண்டாம். பையில் சம்புகஸ் நைக்ரா அல்லது சம்புகஸ் கனடென்சிஸ் என்று செடியின் பெயரும், எந்த நாட்டில் விளைந்தது என்பதும் இருக்க வேண்டும். 'ஒயில்ட் பெர்ரி' என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள்.

பிறகு அகல வாய்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பழத்தைப் போடுங்கள். இஞ்சி, பட்டை, இரண்டு கிராம்பு சேர்க்கலாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல் முக்கால் மணி நேரம் சுண்ட விடுங்கள். நம் வீட்டுப் பழக்கத்தில் குக்கரில் வைத்து இரண்டு விசில் விடத் தோன்றும்; வேண்டாம். திறந்த பாத்திரத்தில் நின்று கொதிப்பதுதான் இதற்கு நல்லது. வெந்தபின் மிக்ஸியில் அடித்து வடிகட்டலாமே என்ற நினைப்பும் வரும். அதுவும் கூடாது, விதை நொறுங்கிச் சாற்றில் இறங்கிவிடும். கரண்டியின் பின்புறத்தால் மசித்து, மெல்லிய துணியில் வடித்துப் பிழியுங்கள். சக்கையைத் தூக்கி எறியுங்கள். சாறு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் தேனையும், பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டியும் கலக்குங்கள். வெள்ளைத் துணி, மரப்பலகை, கிச்சன் மேடை எதையும் பக்கத்தில் விடாதீர்கள். அந்தக் கறை சுலபத்தில் போகாது.

பலரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில்தான். தேன் சேர்த்துவிட்டோம், இனி கெடாது என்று மேடையிலேயே வைத்துவிடுகிறார்கள். இந்தச் சிரப்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். போதாக்குறைக்கு எல்டர்பெர்ரி நாம் நினைக்கிற அளவு புளிப்பான பழமும் இல்லை. வீட்டில் புட்டியில் அடைத்து வெளியே வைக்கும் பண்டத்துக்கு பி.எச். அளவு (புளிப்பின் அளவு; புளிப்பு கூடினால் எண் குறையும்) 4.6-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி; அமெரிக்க எல்டர்பெர்ரி அதைத் தாண்டுவது உண்டு. தாண்டினால் காற்றுப் புகாத புட்டிக்குள் பாட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் நஞ்சு உண்டாக இடமிருக்கிறது. நாம் போடும் எலுமிச்சைச் சாறு புளிப்பைக் கூட்டும், வெளியே வைப்பதற்கு உரிமை தராது. எனவே புட்டியில் அடைத்து அலமாரியில் அடுக்கும் யோசனையே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்து வேண்டும்போது எடுங்கள். மூன்று மாதம் தாங்கும் என்று பலர் எழுதுவதை நம்பி ஃப்ரிட்ஜில் விட்டுவைக்காதீர்கள். நுரை கட்டினாலோ, மூடியைத் திறக்கும்போது காற்று சீறினாலோ, கள் வாடை வந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது, ஒரு துளிகூட. உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சளிக்குக் கேட்குமா என்றுதானே முதலில் கேட்டிருக்க வேண்டும். நார்வேயில் 1999–2000 ஃப்ளூ காய்ச்சல் காலத்தில் 60 பேரிடம் நடந்த ஆய்வில், சிரப் குடித்தவர்களுக்குச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகவே குணம் தெரிந்தது. விற்பவர்கள் எல்லாரும் காட்டுவது அதைத்தான். 2020-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனையின் ஆய்வு வந்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட, ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான 87 பேர். அதில் பயன் எதுவும் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்தால் கொடுங்கள். ஃப்ளூ தடுப்பூசிக்குப் பதிலாகவோ, மூச்சு வாங்கும் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப்போவதற்குப் பதிலாகவோ கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா வீட்டில் காய்ச்சி மேசன் ஜாடியில் விற்கிறார். 'இம்யூனிட்டி பூஸ்டர், கோவிட் வராது' என்று போடுகிறார். தெரிந்தவர்தான். வாங்கலாமா?

பதில்: தெரிந்தவர் என்பது நல்லதுதான்; கூச்சப்படாமல் நாலு கேள்வி கேட்கலாம். என்றைக்குக் காய்ச்சினீர்கள்? தண்டு பொறுக்கினீர்களா? எவ்வளவு நேரம் கொதித்தது? காய்ச்சியதும் ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா? ஜாடியில் தேதி இல்லை, உங்கள் கைக்கு வரும்போது ஜாடி அறைச் சூட்டில் இருக்கிறது என்றால் வாங்க வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுச் சமையலறையில் செய்து விற்பதற்குக் காட்டேஜ் ஃபுட் சட்டங்கள் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனாலும் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் தேவைப்படாத பண்டத்துக்குத்தான் அனுமதி. ரொட்டி, முறுக்கு சரி. இந்தச் சிரப் பல மாநிலங்களில் அந்தப் பட்டியலுக்குள் வராது. அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், நல்லபடியாகச் சொல்லுங்கள்.

'கோவிட் வராது' என்று போடுவது இன்னும் பெரிய சிக்கல். நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொன்ன நிமிடமே சட்டத்தின் கண்ணில் அது மருந்து. 2011-இல் கன்சாஸ் மாநிலத்தில் இப்படி நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் எல்டர்பெர்ரிச் சாற்றை அரசே பறிமுதல் செய்தது. 2020-இல் கோவிட்டுக்கு எல்டர்பெர்ரி என்று விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. அப்படி விளம்பரம் செய்பவரிடம் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பழத்தைப் பற்றித் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்பவர், காய்ச்சிய நேரத்தையும் அப்படித்தான் சொல்வார்.

கேள்வி: பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கருநீலப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. எல்டர்பெர்ரிதான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பறித்துக் காய்ச்சலாமா?

பதில்: காய்ச்சும் முன் தண்டைப் பாருங்கள். பளபளவென்று ஊதா கலந்த இளஞ்சிவப்பாக, கட்டையாகாமல் சதைப்பற்றோடு இருக்கிறதா? பழம் ஒரே காம்பில் திராட்சைச் சரம் போல நீளமாகத் தொங்குகிறதா? அது போக்வீட். எல்டர் இல்லை, நஞ்சு. எல்டரின் தண்டு பழுப்பு நிறக் கட்டை. மேலே புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கும். பழம் குடை விரித்த மாதிரி, நுனியில் கிளை பிரிந்த தட்டையான கொத்தாக இருக்கும். பழம் சிவப்பாக இருந்தால் அது இன்னொரு வகை எல்டர், அதையும் விட்டுவிடுங்கள். பூக்காலத்தில் வாட்டர் ஹெம்லாக் என்ற கொடிய செடியும் இதே போன்ற வெள்ளைப் பூவைக் காட்டி ஏமாற்றும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க மையம் இருக்கும், படமோ கிளையோ காட்டிக் கேளுங்கள்.

எல்டர் என்று உறுதியானால், முழுக்கக் கறுத்த பழத்தை மட்டும் கொத்தோடு பறித்துப் பையில் போட்டு உறைய வையுங்கள். மறுநாள் பையைத் தட்டினால் பழம் காம்பை விட்டு உதிர்ந்துவிடும். பாத்திரத்தில் பச்சை நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் பிசினுக்கு சோப்பு உதவாது. சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் வந்துவிடும்.

கேள்வி: சென்னையில் ஆன்லைனில் எல்டர்பெர்ரி 'கம்மி' (மென்று தின்னும் ஜெல்லி மிட்டாய்) விற்கிறார்கள். குழந்தைக்கு வாங்கலாமா?

பதில்: லேபிளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுத்த 14 இலக்க உரிம எண், வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளரின் முகவரி, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற ஆங்கில வாசகம் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். அடுத்து சர்க்கரை. கம்மிகளில் பட்டியலின் முதல் பெயரே பெரும்பாலும் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போதான். எல்டர்பெர்ரி எத்தனை மில்லிகிராம் என்று தனியாகப் போடாமல் 'ப்ரோப்ரைட்டரி ப்ளெண்ட்' என்று பத்துப் பெயரைச் சேர்த்துப் போட்டிருந்தால், என்ன வாங்குகிறீர்கள் என்றே உங்களுக்குத் தெரியாது. எல்டர்பெர்ரிச் சாற்றுக்குப் பதிலாகக் கருப்பரிசிச் சாறு, ஊதா கேரட் சாறு கலந்து விற்பது உலகச் சந்தையில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட மோசடி. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் குழந்தைக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏற்கெனவே வாங்கி, நோய் தீரும் என்ற விளம்பரத்தை நம்பி ஏமாந்திருந்தால், பில்லையும் லேபிள் படத்தையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம்.