கணவர் மதுரையில், நான் பெங்களூரில்

கேள்வி: அடித்து விரட்டிய கணவர் மதுரையில் இருக்கிறார், நான் அல்சூரில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். போனில் மிரட்டல் ஓயவில்லை. பாதுகாப்பு உத்தரவு வாங்க மதுரைக்குத்தான் போகணுமா?

பதில்: வேண்டாம்மா. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம், அக்கா வீடானாலும் சரி, அங்கே கிடைக்கும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அதிகாரியைப் பாருங்கள், மனுவுக்கு உதவுவது அவர் வேலை, சலுகை இல்லை. அவசரமென்றால் கணவர் கோர்ட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். அப்புறம், அந்த மிரட்டல் மெசேஜ்களைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.