அமெரிக்காவில் அதிபர் மாறினால் அதிகாரிகள் எல்லாரும் மாறிவிடுவார்களா?

எல்லாரும் இல்லை. மத்திய அரசில் லட்சக்கணக்கான ஊழியர்கள் இருந்தாலும், அதிபர் தன் ஆட்களைப் போட முடிவது சுமார் 4,000 பதவிகளில்தான். இந்தப் பதவிகளும் இடம்பெறும் பட்டியல் புத்தகத்துக்கு 'பிளம் புக்' என்று பெயர். 1952-ல் ஐசனோவர் ஜெயித்தபோது அவர் கட்சி ஆட்சியை இழந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. எந்தெந்த நாற்காலி நமக்கு என்றே தெரியாமல் பட்டியல் கேட்டார்கள். அதிலிருந்து தொடங்கிய வழக்கம் இது.

நவம்பரில் தேர்தல், ஜனவரி 20 மதியம் பதவியேற்பு. இரண்டரை மாதத்துக்குள் ஆள் தேட வேண்டும். சரி, தேடியாயிற்று என்றாலும் வேலை முடியாது. அமைச்சர்கள், தூதர்கள் உட்பட 1,200-க்கும் மேற்பட்ட பதவிகளுக்கு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதல் தேவை. எஃப்பிஐ பின்னணி விசாரணை, சொத்துக் கணக்கு, அப்புறம் செனட் குழு முன் நேரடிக் கேள்விகள்.

பெரும்பாலும் தேறிவிடுவார்கள். ஆனால் 1989-ல் பாதுகாப்பு அமைச்சராக முன்மொழியப்பட்ட ஜான் டவர், தானே முன்னாள் செனட்டராக இருந்தும் 47–53 என்று தோற்றார். 2017-ல் கல்வி அமைச்சராக முன்மொழியப்பட்ட பெட்சி டிவோஸுக்கு 50–50. துணை அதிபர் பென்ஸ் ஓட்டுப் போட்டுக் கரையேற்றினார். ஒப்புதல் வரும்வரை பல நாற்காலிகளில் 'தற்காலிகப் பொறுப்பு' ஆள்தான் உட்கார்ந்திருப்பார். சில சமயம் மாதக்கணக்கில்.