தங்கச்சி, அந்தச் சின்ன ஒயின் பண்ணைக்குத் தாராளமா போய்ட்டு வா

உன் கேள்விய நேத்து ராத்திரி படிச்சேன்மா, அப்போலேர்ந்து மனசு நான் இங்க வந்த 2006லயே நிக்குது. ஜெர்மனில மைன்ஸ் ஊருக்கு வந்து மூணு மாசம் ஆகுது, வர்ற சனிக்கிழமை டீம்ல எல்லாரும் ரைன்ஹெஸ்ஸன்ல ஒரு கிராமத்துக்குப் போறாங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர் நடத்துற குட்டி ஒயின் பண்ணையாம், நான் குடிக்கமாட்டேன், சைவம் வேற, போகவா இல்ல ஏதாவது சாக்கு சொல்லிடவான்னு கேட்டிருக்க. கூடவே டாக்ஸ் கிளாஸ், வீடு தேடறது, எந்த இன்சூரன்ஸ் எடுக்கறதுன்னு ஒரு லிஸ்ட். அதெல்லாம் ஆபீஸ்ல எச்ஆர் கிட்ட கேட்டாலே சொல்லிடுவாங்க, நான் அதுக்குள்ள போகல. நீ சனிக்கிழமை விஷயத்த கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றேன். அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே பேசறேன்.

போ. கண்டிப்பா போ. ஆனா எப்படிப் போகணும்னு தெரிஞ்சுக்கிட்டு போ.

மொதல்ல, அது கடை இல்ல, ஒருத்தரோட வீடு. நம்மாளுங்க நிறைய பேர் ரூடஸ்ஹைம்ல ட்ரோசெல்காஸன்னு ஒரு சந்துக்குப் போய்ட்டு வந்து ஜெர்மன் ஒயின் ஊரப் பாத்தாச்சுன்னு சொல்றாங்க. அங்க பஸ் பஸ்ஸா டூரிஸ்ட்டுங்க வந்து இறங்குவாங்க, எல்லாமே வர்றவங்களுக்காக ஜோடிச்சு வெச்சது. நீ போகப்போற இடம் அப்படி இருக்காது. பெரிய மரக்கதவு, உள்ள ஒரு முற்றம், ஒரு பக்கம் அவங்க குடியிருக்கற வீடு, எதிர்ல டிராக்டர் நிக்கற கொட்டாய், அதுக்குக் கீழ பாதாள அறை, மேல கொடியில அவங்க துணி காஞ்சிட்டு இருக்கும். கதவுல பெல்லடிக்கச் சொல்லி ஒரு சின்ன அட்டை மாட்டியிருக்கும். அடிச்சா ரப்பர் பூட்ஸோட, கையெல்லாம் கறையோட முதலாளியே வந்து திறப்பார். அவரே தோட்டத்துல கொடி வெட்டுறவர், அவரே சாறு பிழியறவர், அவரே பாட்டில்ல லேபிள் ஒட்டுறவர், சாயங்காலம் அவரே உனக்கு ஊத்திக் குடுக்கறவர். ஜெர்மனில ஒயினுக்குன்னு 13 பகுதி பிரிச்சு வெச்சிருக்காங்க, அதுல ரைன்ஹெஸ்ஸன்தான் பெருசு, அங்க இந்த மாதிரி குடும்பங்க ஊருக்கு ஊர் இருக்காங்க.

வீடுங்கறத மறந்துட்டு நம்மாளுங்க பண்றது எனக்கு ரொம்ப வலிக்குது, சொல்லாம இருக்க முடியல. போன் பண்ணாம பன்னெண்டு பேர் ரெண்டு வண்டில போய் இறங்குறது, பசங்கள முற்றத்துல ஓட விட்டுட்டு டிராக்டர் மேல ஏத்தி போட்டோ எடுக்கறது, ஏழெட்டு கிளாஸ் ருசி பாத்துட்டு ஒரு பாட்டில் கூட வாங்காம கிளம்பறது, அது கூடப் பரவால்ல, கிளம்பும்போது சூப்பர்மார்க்கெட்ல மூணு யூரோக்கு கிடைக்குதேன்னு முகத்துக்கு நேரா சொல்றது. அந்த வீட்டம்மா வருஷம் பூரா வெயில்லயும் பனியிலயும் நின்னு பண்ணினது அது. பேரம் பேசவே பேசாத. ரெண்டு பாட்டில் வாங்கு, நீ குடிக்கலன்னா என்ன, பக்கத்து வீட்டுக்குக் குடு, இல்ல அவங்க போடற திராட்சை ஜூஸ் வாங்கு. கையில கேஷ் வெச்சுக்கோ, இந்த மாதிரி இடத்துல நிறைய பேர் கார்டு வாங்கமாட்டாங்க. மூணு மணின்னா மூணு மணிக்கு நில்லு, உனக்காக அவர் தோட்டத்துல வேலைய பாதில விட்டுட்டு வந்து கையக் கழுவிட்டு நிப்பார்.

அப்புறம் தனியா போகணும்னு தோணிச்சுன்னா செப்டம்பர், அக்டோபர்ல போன் பண்ணாம போகவே போகாத. அறுவடை நேரம், ராத்திரி பதினோரு மணிக்கும் சாறு பிழியற ப்ரெஸ் ஓடிட்டு இருக்கும், யாருக்கும் உக்காந்து பேச நேரம் இருக்காது. அந்த சீசன்ல ஃபெடர்வைஸர்னு பாதி நொதிச்ச சாறு விப்பாங்க, அதோட மூடி இறுக்கமா இருக்காது, காத்து வெளிய போகணும்னு வேணும்னே அப்படி விட்டிருப்பாங்க. அத பையில படுக்க வெச்சு கார் சீட்டையெல்லாம் நாசம் பண்ணின குடும்பங்க எனக்கே நாலு தெரியும். நிக்க வெச்சுதான் கொண்டு போகணும். இனிப்பா சோடா மாதிரி இருக்கறதால ஜூஸ்னு நெனச்சு குழந்தைக்கு ஊத்திடாத, அதுல ஆல்கஹால் இருக்கு.

உங்க டீம் போறது ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்டா கூட இருக்கலாம். ஒயின் பண்றவங்க தங்களோட முற்றத்துலயோ கொட்டாய்லயோ நாலு பெஞ்ச் போட்டு சொந்த ஒயினும் சாதாரண சாப்பாடும் குடுக்கற இடத்துக்கு இங்க அதான் பேரு. ஹோட்டல் லைசன்ஸ் தேவையில்ல, ஆனா வருஷத்துல மொத்தம் நாலு மாசம்தான் திறக்கலாம், அதையும் ரெண்டு தவணைக்கு மேல பிரிக்க முடியாது, 40 சீட்டுக்கு மேல போடக்கூடாது, ஊத்தறது அவங்க பண்ணின ஒயினா இருக்கணும். திறந்திருந்தா வாசல்ல ஒரு கொத்து இலையோ பூவோ கட்டித் தொங்க விடுவாங்க. வ்யூர்ட்டம்பெர்க் பக்கம் விளக்குமாறு தொங்கும், அதனால அங்க பேசன், விளக்குமாறுன்னே பேரு. நம்ம வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டினா உள்ள ஏதோ நல்ல காரியம்னு தெரியற மாதிரிதான்மா.

இப்ப முக்கியமான எச்சரிக்கை. இத மட்டும் படிச்சிட்டு மத்தத விட்டாலும் பரவால்ல. யாராவது ரெண்டு கிளாஸ்தான் குடிச்சேன், நானே ட்ராப் பண்றேன்னு சொன்னா அந்த வண்டில ஏறாத. சட்டப்படி ரத்தத்துல ஆல்கஹால் 0.5 ப்ரொமில, அதாவது ஆயிரத்துல அரை பங்குதான் எல்லை, புது லைசன்ஸ் வாங்கி ரெண்டு வருஷ ப்ரோப காலத்துல இருக்கறவங்களுக்கு பூஜ்யம். முதல் தடவை மாட்டினா 500 யூரோ அபராதம், லைசன்ஸ் கணக்குல ரெண்டு தப்பு பாயிண்ட், ஒரு மாசம் ஓட்டக்கூடாது. 0.3 இருந்து வண்டி லேசா தள்ளாடினாலோ ஆக்சிடென்ட் ஆனாலோ கிரிமினல் கேஸே வரும். எங்க பழக்கத்துல ஒரு தம்பி, நல்ல பையன், அறுவடைத் திருவிழா முடிஞ்சு திரும்பும்போது ஊர் எல்லைல போலீஸ் நிறுத்திட்டாங்க. அவன் வேலையே கார்ல ஊர் ஊரா போறதுதான், அந்த ஒரு மாசம் அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜெர்மன்காரங்க இந்த விஷயத்துல ஒழுங்கா ஒருத்தர குடிக்காம வெச்சிருப்பாங்க, நம்மாளுங்கதான் ஒண்ணும் ஆகாது வான்னு சொல்றது. மைன்ஸ்லேர்ந்து அந்தப் பக்கத்து ஊரான அல்ட்ஸை வரைக்கும் ரீஜனல் ட்ரெயின் இருக்கு, டாய்ச்லாண்ட் டிக்கெட்ங்கற மாசப் பாஸ் இருந்தா பஸ்ஸும் அதுலயே அடங்கிடும், ஆனா வீக்கெண்ட்ல கிராமத்து பஸ் ரொம்ப கம்மி, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு போறதுக்கு முன்னாடியே பாத்து வெச்சுக்கோ.

குடிக்கமாட்டேங்கறது இங்க ஒரு பிரச்சினையே இல்ல. ஒரு வரி போதும்: "இஷ் ட்ரிங்கெ கைனென் அல்கொஹோல்." காரணம் யாரும் கேக்கமாட்டாங்க. பொய் மட்டும் சொல்லாத. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ஆன்டிபயாடிக் சாப்பிடறேன்னு சொல்லிட்டா, அந்த வீட்டம்மா நிஜம்னு நம்பி அடுத்த தடவை பாக்கும்போதும் உடம்பு தேவலையான்னு கையப் பிடிச்சு விசாரிக்குது, அவளுக்குக் கூசிப் போச்சு. ட்ராவுபன்சாஃப்ட் இருக்கான்னு கேளு, அவங்களே பிழிஞ்ச திராட்சை ஜூஸ், கடையில வர்ற ஜூஸ் அது பக்கத்துல நிக்காது. மோந்து பாக்க கூச்சப்படாத, குடிக்கலன்னாலும் கிளாஸ மோந்து பாக்கலாம். ஷொய்ரேபன்னு ஒரு திராட்சை ரகம் இருந்தா கட்டாயம் மோந்து பாரு, பம்ப்ளிமாஸ் தோல உரிச்ச மாதிரி வாசனை வரும். 1916ல கேயோர்க் ஷொய்ங்கறவர் அதே அல்ட்ஸைல உருவாக்கின ரகம் அது, அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு அவ்ளோ பெருமை. ரொம்ப வருஷமா அது சில்வானர், ரீஸ்லிங்னு ரெண்டு திராட்சை ரகம் சேர்ந்த கலப்புன்னே சொல்லிட்டு இருந்தாங்க, அப்புறம் டிஎன்ஏ பாத்ததுல சில்வானர் அதோட நேர் அப்பா அம்மா இல்லன்னு தெரிஞ்சுது. இந்தக் கதைய மட்டும் நீ கேட்டுப் பாரு, அந்த மனுஷன் முகம் எப்படி மலருதுன்னு பாரு. கிளாஸ அடியில காம்பப் பிடி, சியர்ஸ் மாதிரி "ட்ஸும் வோல்" சொல்லும்போது எதிர்ல இருக்கறவங்க கண்ணப் பாரு, ஜூஸ் கிளாஸா இருந்தாலும் அதே மரியாதைதான்.

சைவத்துக்கு ரெண்டு மூணு விஷயம். ஃப்ளாம்கூக்கன், வெங்காய கேக்னு சொல்ற ட்ஸ்வீபெல்கூக்கன், பேரக் கேட்டா சைவம் மாதிரி இருக்கும், ரெண்டுலயும் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு துண்டு போட்டிருப்பாங்க. "ஓனெ ஸ்பெக்", அந்தப் பன்றித் துண்டு இல்லாமன்னு முதல் நாளே போன்ல சொல்லச் சொல்லு, அன்னிக்குப் போய் நின்னு சொன்னா பாவம் அவங்களால என்ன பண்ண முடியும். ஸ்புண்டகேஸ்னு ஒண்ணு இருக்கு, பாப்ரிகா பொடி போட்டு கடைஞ்ச கெட்டி க்ரீம் சீஸ், ப்ரெட்ஸெல் தொட்டுச் சாப்பிடலாம், எனக்கு அது போதும். இன்னொண்ணு நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியாது: ஒயினையும் சில சமயம் ஜூஸையும் தெளிய வைக்க ஜெலட்டின், மீன்லேர்ந்து எடுக்கற பசை, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் போடற வழக்கம் இருக்கு. இப்ப நிறைய பேர் பென்டோனைட்ங்கற களிமண்ண வெச்சே தெளிய விடறாங்க. "வீகானா"ன்னு கேளு, சின்ன பண்ணைல பண்ணினவரே எதிர்ல நிக்கறார், நேரா பதில் வரும்.

பாதாள அறையப் பாக்கணும்னு ஆசை வரும், முதலாளி முன்னாடி போனாதான் நீ போகணும், அதுவும் அறுவடை முடிஞ்சு சாறு நொதிக்கற நேரத்துல இன்னும் கவனமா இருக்கணும். ஒரு லிட்டர் சாறு நொதிச்சா 40 லிட்டருக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வரும், காத்தவிட கனம், படிக்குக் கீழ தேங்கி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. எங்க எதிர் வீட்டு ஓமா, அதாவது பாட்டி, ஒரு தகர டப்பால மெழுகுவத்தி ஏத்தி, முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்குவாங்க, சுடர் சுருங்கினா அப்படியே திரும்பி ஏறிடுவாங்க. இப்ப அவங்க பையன் மீட்டர் மாட்டி வெச்சிருக்கார், மெழுகுவத்தி அணையறதுக்கு முன்னாடியே மனுஷனுக்கு ஆபத்து வந்துடும்னு சொல்லி அந்த டப்பாவ ஆணில மாட்டிட்டார்.

அந்த ஓமாதான்மா எனக்கு இந்த நாட்டக் காட்டிக் குடுத்தவங்க. 2006 ஜனவரில வந்தேன், வாடகை கம்மின்னு அல்ட்ஸை பக்கத்துல ஒரு கிராமத்துல வீடு. என் வீட்டுக்காரர் காலைல ஆறரைக்கு இருட்டோட கிளம்பினா இருட்டினப்புறம்தான் வருவார். கடை இல்ல, பேச ஆள் இல்ல, அஞ்சு மணிக்கெல்லாம் தெரு விளக்கு எரிய ஆரம்பிச்சிடும். பதினோராவது நாளோ பன்னெண்டாவது நாளோ, எதிர் வீட்டு அட்டைல ட்ராவுபன்சாஃப்ட்னு எழுதியிருந்தத டிக்ஷனரில பாத்துட்டு பெல்லடிச்சேன். நான் சொன்னது அவங்களுக்குப் புரியல, அவங்க சொன்னது எனக்குப் புரியல, மணிக்கட்டப் பிடிச்சு நேரா சமையலறைக்குள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க. அடுப்பு மேல சின்ன பாத்திரத்துல ஜூஸ சுட வெச்சு, பட்டை ஒரு துண்டு போட்டு குடுத்தாங்க. அந்தப் பட்டை வாசனைக்கு நான் அழுதுட்டேன். அவங்க ஒண்ணும் கேக்கல, எதிர்ல உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சுட்டே இருந்தாங்க.

அங்க போக ஆரம்பிச்சதும் நம்மாளுங்க சிலர் என்ன பேசினாங்க தெரியுமா, ஒயின் விக்கிற வீட்டுக்கு தினம் போறான்னு. அதே ஆளுங்க பதினஞ்சு வருஷமா ஒரே அபார்ட்மென்ட்ல இருக்காங்க, எதிர் கதவுல இருக்கறவங்க பேரு தெரியாது, லெட்டர் வந்தா படிக்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறாங்க. நான் ஜெர்மன் கத்துக்கிட்டது பாதி அந்த முற்றத்துலதான், கோர்ஸ்ல டீச்சர் இது புத்தக ஜெர்மன் இல்ல, இந்த ஊர் பேச்சுன்னு திருத்துவாங்க, எனக்கு அது பெருமையாதான் இருந்துச்சு, இப்பவும் பெருமைதான். முதல் ரெண்டு வருஷம் ஜூஸ் மட்டும்தான், இப்ப அரை கிளாஸ் சில்வானர், அதுக்கு மேல இல்ல. செப்டம்பர் வந்தா ஒரு வாரம் லீவு போட்டுட்டு அறுவடைக்கு நிப்பேன்.

பிப்ரவரி கடைசில ஒரு நாள் தூறல், நசநசன்னு சேறு, அன்னிக்குப் பாத்து கொடி கட்ட வான்னு கூப்பிட்டாங்க. வெயில் அடிக்கிற நாள விட்டுட்டு இந்த மழைல ஏன்னு எனக்குப் புரியல. குளிர் காலத்துல வெட்டி விட்டது போக ஒரு நீளக் குச்சி நிக்கும், அத கம்பி மேல வில்லு மாதிரி வளைச்சுக் கட்டணும். ஓமா ஒரு குச்சியப் பிடிச்சு, ரெண்டு கட்டை விரலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திட்டே வளைச்சாங்க, உள்ள நார் மெதுவா நெரியற சத்தம் கேக்கும், உடையாது. அப்புறம் கொட்டாய்ல காஞ்சு கிடந்த ஒரு குச்சிய எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தாங்க. நான் வளைச்சேன், சடக்குன்னு ரெண்டா போச்சு. அதுக்குத்தான் மழை நாள்னு வாயால சொல்லாமலே புரிஞ்சுது. அன்னிக்கு மட்டும் நான் மூணு உடைச்சேன், ஒரு குச்சி போனா அந்தக் கொடில அந்த வருஷக் காய்ப்பு போன மாதிரிதான், ஆனாலும் அவங்க என் கையத் தட்டி விடல.

2017ல போய்ட்டாங்க. பையன்தான் இப்ப நடத்தறார், பெல்லும் அதே பெல்தான்.

சரி, உன் சனிக்கிழமைக்கு வர்றேன். உள்ள போறப்ப போட ஒரு ஜாக்கெட் எடுத்துக்கோ, வெளிய வெயிலடிச்சாலும் பாதாள அறை ஜில்லுனு இருக்கும். ஹீல்ஸ் வேண்டாம், முற்றத்துல கல்லு பாவியிருப்பாங்க. வரும்போது ஜூஸ் பாட்டில் ரெண்டு வாங்கிட்டு வா, ஒண்ண அடுப்புல வெச்சு பட்டை போட்டுக் குடிச்சுப் பாரு, கொதிக்க விடாத, ஆவி வந்ததும் இறக்கிடு.