பேசி என்ன ஆகப்போகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சில வருடங்களாகக் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு விடாமல் போய்வந்தேன். இப்போது நிறுத்திவிட்டேன். மைக்கைப் பிடித்தவர் விடுவதில்லை. மாற்றுக்கருத்து சொன்னால் அடுத்த நொடியே ‘நீ எந்தக் கட்சி?’ என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்கள். உரையாடல்தான் ஜனநாயகம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். முதலில் நாகரிகமாகப் பேச மக்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாமா? பள்ளியிலிருந்தே அதை ஆரம்பிக்க வேண்டாமா? அதுவரை என்னைப் போன்றவர்கள் ஓட்டுப் போடுவதோடு நிறுத்திக்கொண்டால் என்ன தவறு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தவறே இல்லை. எல்லோரும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தாக வேண்டும் என்று எந்த ஜனநாயகமும் கேட்பதில்லை. வேலை, குடும்பம், தூக்கம் எல்லாம் மனிதனுக்கு உண்டு. ஆனால் ‘முதலில் மக்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுப்போம், உரையாடல் அப்புறம்’ என்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கூட்டத்தில் கத்துகிறவர்கள் பெரும்பாலும் பேசத் தெரியாதவர்கள் அல்ல. என்ன பேசினாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்று தெரிந்தவர்கள். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு, சட்டம் சொல்கிறதே என்று ஒரு கூட்டம் போட்டால், அங்கே பேசுவதால் கிடைக்கக்கூடியது கோபத்தைக் கொட்டிய ஆறுதல் மட்டும்தான். அதைச் சத்தமாகக் கொட்டினால் என்ன, மெதுவாகக் கொட்டினால் என்ன? அதே ஆட்கள் கையில் உண்மையான முடிவு ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தால் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

அயர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். கருக்கலைப்பைப் பற்றி உங்கள் நிலைப்பாடு எதுவாகவும் இருக்கட்டும், நான் சொல்ல வருவது அதைப் பற்றி அல்ல. 1983இல் அந்த நாடு கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தது. அதன் பிறகு பல வருடங்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே கட்சிகளுக்கு உதறல்தான். 2016இல் 99 சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் ஒரு மக்கள் அவை அமைத்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஐந்து வார இறுதிகள்.

அங்கே மேடையும் மைக்கும் மட்டுமே இருந்திருந்தால் நீங்கள் பார்த்த கூட்டம்தான் அங்கேயும் நடந்திருக்கும். வட்ட மேசைகள் போட்டு, சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் பேச்சை நெறிப்படுத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். வாய் திறக்காமல் இருப்பவருக்கும் முறை வரும், நிறுத்தாமல் பேசுகிறவரையும் தடுக்க முடியும். மருத்துவர்கள், சட்ட நிபுணர்கள், இரண்டு தரப்பு இயக்கத்தினர் எல்லோரும் வந்து பேசினார்கள். பேசிவிட்டுப் போய்விட முடியாது, மேசையிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ரகசிய வாக்கெடுப்பு.

அவையில் 64 சதவீதம் பேர் காரணம் கேட்காமலே அனுமதிக்கலாம் என்று வாக்களித்தார்கள். இது நாட்டின் மனநிலையைத் தாண்டிப் போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு. 2018 மே 25இல் நடந்த பொது வாக்கெடுப்பில் அந்தச் சாசனப் பிரிவை நீக்க 66.4 சதவீதம் பேர் சம்மதித்தார்கள்.

அந்த 99 பேரும் நாகரிகப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவர்கள் அல்ல. அவர்களை நிதானமாகப் பேசவைத்ததில் பாதி அந்த மேசை ஏற்பாடு. மீதிப் பாதி, அவையை அமைத்த தீர்மானம். அவையின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்று அதிலேயே இருந்தது.

இந்தப் பாதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸ் இருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்காக அங்கேயும் குலுக்கலில் 150 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 அக்டோபரில் தொடங்கி மறு வருடம் ஜூன் வரை உட்கார்ந்து, 149 யோசனைகள் கொடுத்தார்கள். ‘நீங்கள் சொல்வதை வடிகட்டாமல் அப்படியே முன்னே அனுப்புவேன்’ என்று அதிபர் மக்ரோன் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு சிலவற்றைக் கைவிட்டார்கள், பலவற்றை நீர்த்துப்போகச் செய்தார்கள். 2021 பிப்ரவரியில் கடைசியாகக் கூடியபோது, தங்கள் யோசனைகளை அரசு கையாண்ட விதத்துக்கு அந்த மக்களே மதிப்பெண் போட்டார்கள். சராசரி, பத்துக்கு 3.3. அவர்கள் பேசியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதில்தான் ஒழுங்காக வரவில்லை. அடுத்த தடவை அவர்களில் ஒருவர் மேசையைத் தட்டிப் பேசினால், அவருக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பீர்கள்?

பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கற்றுக்கொடுக்கலாம், நல்லதுதான். ஆனால் உரையாடலின் சிறப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதைவிட, வகுப்பறையில் ஏதாவது ஒரு விஷயத்தைப் பிள்ளைகளே பேசி முடிவெடுக்கட்டும் என்று உண்மையாகவே விட்டுவிடலாம்.

‘நாகரிகம்’ என்று எதைக் கேட்கிறோம் என்பதும் ஒரு சிக்கல். ஒரு திட்டத்தால் வீட்டை இழக்கப்போகிறவரும், அதே திட்டத்தை வரைபடத்தில் பார்த்து ரசிப்பவரும் ஒரே தொனியில் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தால், வரைபடக்காரர் எப்போதும் ஜெயிப்பார். முதலாமவர் குரல் நடுங்கத்தான் செய்யும், வார்த்தையும் தடிக்கும். அந்தக் கோபத்துக்குள் இருக்கும் தகவலைப் பிரித்தெடுத்து எழுதிவைப்பது கூட்டத்தை நடத்துகிறவரின் வேலை. ஆளைத் திட்டுவதை, மிரட்டுவதைத் தடுக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. கோபத்தையே தடுக்கப் பார்த்தால் கூட்டத்தில் சம்பந்தமில்லாதவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

‘நீ எந்தக் கட்சி?’ என்ற கேள்விக்கு நீங்கள் ஏன் இவ்வளவு கூசுகிறீர்கள் என்றும் எனக்குப் புரியவில்லை. கட்சி இருந்தால் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். ‘சரி, இப்போது நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்’ என்று விட்ட இடத்துக்குத் திரும்பிவிடலாம். கட்சி சாராதவர் பேச்சில்தான் நியாயம் இருக்கும் என்பது நடுத்தர வர்க்கத்துக்கு இருக்கும் ஒரு மயக்கம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் நடந்த சண்டை ‘பொதுமக்கள் பல்வேறு கருத்துகளைத் தெரிவித்தனர்’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். நீங்கள் தொண்டை வறளச் சொன்னது அந்த ‘பல்வேறு’க்குள் எங்கேயோ கிடக்கும். அதனால் பேசுவதற்கு முன்பே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வி. ‘எல்லாமே ஊழல்’ என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘மாற்றுப் பாதையைப் பரிசீலித்தீர்களா? எந்தக் காரணத்தால் அதைக் கைவிட்டீர்கள்?’ என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்பதாவது எல்லோருக்கும் தெரியும். வாசித்த பிறகு தாளைக் கொடுத்து, குறிப்பில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களைப் பழையபடி எல்லாக் கூட்டத்துக்கும் போகச் சொல்ல மாட்டேன். அடுத்த அறிவிப்பு வரும்போது, இன்னும் முடிவாகாமல் இருப்பது எது, அதை யார், எந்தத் தேதிக்குள் முடிவு செய்வார்கள் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் அதையே கேட்டு ஒரு கடிதம் போட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டில் இருங்கள்.

அன்புடன்.