கடல் கொண்டுபோகும் சடலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த டோரதி எல். சேயர்ஸின் 'ஹேவ் ஹிஸ் கார்கஸ்' துப்பறியும் நாவலைப் படித்தேன். கடலோரப் பாறையில் கழுத்தறுபட்டுக் கிடக்கும் ஒருவனை நாயகி ஹேரியட் வேன் பார்க்கும் தொடக்கம் அருமை. ஆனால் சற்று நேரத்தில் கடல் வந்து சடலத்தைக் கொண்டுபோய்விடும் என்று அவள் பதறுவதை நம்ப முடியவில்லை. நான் சென்னையில் கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். காலையில் இருந்த இடத்தில்தான் மாலையிலும் கடல் இருக்கும். கதைக்காகச் செய்துகொண்ட வசதி என்றே பட்டது. அந்தச் சங்கேதக் கடித அத்தியாயமோ பெரிய சோதனை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சென்னைக் கடலை மனதில் வைத்துப் படித்தால் அப்படித்தான் தோன்றும். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஓதத்தின், அதாவது கடல்மட்டம் தினமும் உயர்ந்து தாழ்வதன், ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான். கதை நடக்கும் தென்மேற்கு இங்கிலாந்தில் 4, 5 மீட்டர் சாதாரணம். அங்குள்ள பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதியின் உள்முனையில் 14 மீட்டர்வரை போகும். சரிவு குறைந்த மணற்கரையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, ஆறு மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். மதியம் நடந்துபோய் ஏறிய பாறை மாலையில் தண்ணீருக்குள் இருக்கும்.

இது தெரிந்தால் ஹேரியட்டின் பதற்றம் புரியும். இரத்தம் இன்னும் உறையவில்லை. சுற்றிலும் ஆளில்லை. தொலைபேசி வேண்டுமென்றால் கரையோரச் சாலையில் மைல்கணக்கில் நடக்க வேண்டும். அவளே துப்பறியும் கதை எழுதுகிறவள். தன் கதைநாயகன் இங்கே இருந்தால் என்ன செய்வான் என்று யோசிக்கிறாள். படம் எடுக்கிறாள், சடலத்திலிருந்து ஒரு காலணியைக் கழற்றிக்கொள்கிறாள். போலீஸ் வருவதற்குள் சாட்சியம் முழுவதும் அழிந்துவிடும் என்பதால்தான் இத்தனையும்.

எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்தது மணல். நம் கடற்கரையின் உலர்ந்த மணலில் ஆயிரம் காலடிகள் கலந்து கிடக்கும். யார் எப்போது போனார்கள் என்று சொல்லவே முடியாது. இங்கே நீர் வடிந்த மணல் துடைத்த சிலேட்டாக இருக்கிறது. அதில் ஒரு தடம் இருந்தால், தண்ணீர் விலகிய பிறகு பதிந்த தடம். பாறைவரை போவது செத்தவனின் தடம் மட்டும்தான். அப்படியானால் தற்கொலையா? கொலை என்றால் கொலைகாரன் எந்த வழியாக வந்தான்? சாட்சிகள் பொய் சொல்லலாம், வாய் திறக்காத கிழட்டு மீனவரும் கதையில் உண்டு. ஓத அட்டவணை பொய் சொல்லாது. அது துப்பறிபவருக்கும் வாசகருக்கும் பொதுவான ஆவணம். 1932இல் வந்த இந்த நாவலை நியாயமான புதிர் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம். கடலை வெறும் பின்னணியாக வைத்து எழுதிய எத்தனையோ கொலைக்கதைகளைவிட இது மேலே நிற்பதும் இதனால்தான்.

சங்கேத அத்தியாயம் நீளம்தான். பிளேஃபேர் என்ற சங்கேத முறையில் எழுதியதை இரண்டிரண்டு எழுத்தாக அவிழ்க்கிறார்கள். அதில் ருசி இல்லாதவர்கள் கடிதத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு மேலே போகலாம். ஆனால் யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்ற பகுதிகளைத் தாண்டிவிடாதீர்கள். முடிவு அந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறது. இன்னும் படிக்காத நண்பர்களுக்காக அதை இங்கே சொல்லவில்லை. நீங்கள் தனியாக எழுதுங்கள், பேசுவோம்.