பேசுவதால் பதற்றம் தீருமா?

கேள்வி: எனக்கு வயது 38. சில மாதங்களாகப் பதற்றமும் தூக்கமின்மையும் இருக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. உளவியலாளரைப் பார்க்குமாறு மருத்துவர் சொல்கிறார். மனம்விட்டுப் பேச நண்பர்கள் இருக்கும்போது, அவர் புதிதாக என்ன செய்துவிட முடியும்?

பதில்: தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் இதே தொல்லைகள் வரக்கூடும் என்பதால், முதலில் உடலைப் பரிசோதித்துக்கொண்டது சரியே.

நண்பர்களின் ஆறுதல் தேவையானதுதான். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் உளவியலாளரின் பணி ஆறுதல் சொல்வதோடு நிற்பதன்று. அறிவுரையை எதிர்பார்த்துப் போய் ஏமாறுகிறவர்களும் உண்டு. பதற்றத்தைத் தொடங்கிவைத்தது எதுவாயினும், அதை இன்றுவரை நீடிக்கச் செய்வது எது என்பதை அவர் உங்களோடு சேர்ந்து தேடுவார். மேலதிகாரி அழைக்கிறார் என்றதும் வேலை போய்விடும் என்ற எண்ணம் எழுந்து, நெஞ்சு படபடத்து, ஏதோ காரணம் சொல்லிச் சந்திப்பைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிடைக்கும் நிம்மதியே, தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனத்தை நம்பவைத்து, அடுத்த முறை அச்சத்தைக் கூட்டிவிடுகிறது. இந்தச் சுழலை எழுதிப் பார்க்கவும், எண்ணம் உண்மைதானா என்று சோதிக்கவும், தவிர்த்தவற்றைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளவும் பழக்குவதே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் வகுத்த முறை இதற்கு முக்கிய அடித்தளம்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கும், மாத்திரைக்கு முன்பாக, இவ்வகைச் சிகிச்சையே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. உறங்காமல் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தைக் குறைப்பதற்காகப் படுக்கையில் இருக்கும் நேரத்தையே முதலில் சுருக்கி, தூக்கம் சீரானபின் மெல்ல நீட்டுவார்கள். தொடக்க நாள்களில் பகலில் சோர்வு கூடும்; பலர் அப்போதுதான் கைவிட்டுவிடுகிறார்கள்.

பொதுவாக வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம் வரை சந்திப்பு நடக்கும். இடையில் செய்யவேண்டிய பயிற்சிகளைச் செய்யாமல் வெறுமனே போய்வந்தால் பலன் குறைவு. சில வாரங்களுக்குப் பின்னும் மாற்றம் தெரியாவிட்டால் அதை அவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். அவரோடு மனம் ஒன்றவில்லையென்றால் வேறொருவரை நாடுவதில் தவறில்லை. நீங்கள் சொல்பவை இரகசியமாகவே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகளை முதல் சந்திப்பிலேயே அவர் விளக்க வேண்டும்.

உளவியலாளர்கள் பெரும்பாலும் மருந்து எழுதுவதில்லை. மனச்சோர்வு கடுமையானால் மனநல மருத்துவரின் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து தேவைப்படலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, முன்பதிவு செய்த நாளுக்காகக் காத்திராமல், நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.