வரைபடத்தில் 12 அங்குலத் தூண், நிற்பது 9 அங்குலம்: காண்ட்ராக்டரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சரிவான 6 சென்ட் இடத்தில் கீழ்த்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டினோம். சதுர அடி ரேட்டில் 34 லட்சத்துக்குப் பேசி, இதுவரை 28 லட்சம் கொடுத்திருக்கிறேன். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் இருக்கிறது. "ஸ்ட்ரக்சுரல் வரைபடப்படி" என்று எழுதியிருக்கிறது. பால் காய்ச்சிக் குடிவந்து 14 மாதம் ஆகிறது. இந்த ஆடி மழையில் மேட்டுப்பக்கத் தூண்கள் இரண்டில் சாய்வாக வெடிப்பு விட்டது. ஒன்றில் பூச்சைத் தட்டிப் பார்த்தால் தூண் 9க்கு 9 அங்குலம்தான். வரைபடத்தில் 12க்கு 12. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் 8 அங்குலத்துக்கு ஒன்று. மேல்தள கான்கிரீட் ஜனவரியில் போட்டது. ஏழாம் நாளே முட்டுகளைப் பிரித்துவிட்டார்கள், ஹால் சீலிங் நடுவில் தொய்ந்திருக்கிறது. காண்ட்ராக்டரோ "பூச்சு வெடிப்பு, கிரவுட் (வெடிப்புக்குள் செலுத்தும் சிமென்ட் கலவை) அடித்துவிடலாம். கீழ்வீட்டுக்காரர் மண் வெட்டியதால் வந்தது" என்கிறார். மீதி 6 லட்சத்தையும் கேட்கிறார். வீட்டுக்கு அடியில் சும்மா கிடந்த சரிவில் பாதிச் சுவர் எழுப்பி ஸ்டோர் ரூம் ஆக்கச் சொன்னது நான்தான்; அது அனுமதி வரைபடத்தில் இல்லை. ஐப்பசி மழைக்குள் சரிசெய்ய வேண்டும். ரெராவில் 5 வருட கேரண்டி உண்டாமே, அங்கே போகலாமா?

பதில்: முதலில், அந்த வெடிப்பை யாரும் பூச விடாதீர்கள். காண்ட்ராக்டர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்று நாளைக்கே ஆள் அனுப்பினாலும் வேண்டாம். உங்கள் வழக்கின் சாட்சி அந்தத் தூண்கள்தான். கிரவுட் அடித்து மேலே பூசிவிட்டால், வெடிப்பு எவ்வளவு ஆழம், எந்தக் கோணம், ரிங் எங்கே இருந்தது என்பதெல்லாம் வாய்ப்பேச்சாகிவிடும். கட்டுமான வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல, அளந்து எழுதி வைக்காததால்தான்.

அதற்காக ஆபத்தோடு குடியிருக்கச் சொல்லவில்லை. வெடித்த தூண்கள் தாங்கும் பீம்களுக்கு அடியில், தூணை ஒட்டி இருபுறமும் இரும்பு ஜாக்கி முட்டுக் கொடுங்கள். முட்டின் பாதம் ஈர மண்ணில் இறங்காதபடி அடியில் கனமான பலகை வேண்டும். எத்தனை முட்டு, எங்கே என்பதை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டுத் தரட்டும். "உடனடிப் பாதுகாப்புக்கு இது தேவை" என்று அவர் எழுதும் அந்தக் கடிதம், பிறகு செலவைக் கேட்கவும் உதவும். கூரைத் தண்ணீர் மேட்டுப்பக்க மண்ணில் விழாமல் குழாய் போட்டுத் திருப்பிவிடுங்கள். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று பொருள்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பற்றி. அதற்கான 2016 சட்டத்தின் 14(3) பிரிவு சொல்லும் 5 ஆண்டுப் பொறுப்பு, வீட்டையோ மனையையோ விற்கும் புரமோட்டருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது. உங்கள் சொந்த நிலத்தில் காண்ட்ராக்டர் கட்டித் தந்தார். அவர் உங்களுக்கு எதையும் விற்கவில்லை. அங்கே போனால் மாதங்கள்தான் வீணாகும். உங்களுக்கான இடம் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2(42) பிரிவில் வீடு கட்டித் தருவதையும் "சேவை" என்றே சொல்கிறது; 1993-லேயே உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான்.

புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு, அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு. வெடிப்பைக் கண்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி இருக்காதீர்கள். குடிவந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். கையில் 10 மாதம் இருக்கிறது.

இனி, என்ன தவறு என்பதை ஆணையத்துக்குப் புரியும்படி காட்ட வேண்டும். நீலகிரி 3-ஆம் நில அதிர்வு மண்டலம். அங்கே தூணும் பீமுமாக நிற்கும் கான்கிரீட் சட்டக வீட்டுக்கு, நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 13920 பொருந்தும். 2016 பதிப்புப்படி தூணின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 9 அங்குலம் என்பது 230. பரப்பில் பார்த்தால், வரைபடம் கேட்ட கான்கிரீட்டில் ஏறத்தாழ 56 விழுக்காடுதான் நிற்கிறது. பீமும் தூணும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் குறைந்தது 450 மில்லிமீட்டர் உயரத்துக்கு ரிங் நெருக்கமாக வர வேண்டும்: தூணின் சிறிய பக்கத்தில் கால் பங்கு, மெலிந்த நெடுக்குக் கம்பியின் விட்டத்தைப் போல் 6 மடங்கு, 100 மில்லிமீட்டர் ஆகிய மூன்றில் எது குறைவோ அது. 12 அங்குலத் தூணில் 16 மில்லிமீட்டர் கம்பி என்றால் 75 மில்லிமீட்டர், அதாவது 3 அங்குலத்துக்கு ஒரு ரிங். உங்களுக்கு 8 அங்குலம். ரிங்கின் கொக்கியையும் பாருங்கள். 135 பாகைக்கு உள்ளே மடங்கி, முனை தூணின் நடுப்பகுதிக்குள் போயிருக்க வேண்டும். வெறும் மட்டச் செங்கோணமாக மடக்கியிருந்தால், கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் கவர் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும்.

சரிவு நிலத்தில் இது ஏன் இரட்டிப்பு ஆபத்து? மேட்டுப்பக்கத் தூண் குட்டை, பள்ளப்பக்கத் தூண் நீளம். பக்கவாட்டு விசை வரும்போது விறைப்பான குட்டைத் தூண்தான் அதிகப் பங்கை இழுத்துக்கொள்ளும். முதலில் சாய்வாகப் பிளப்பதும் அதுவே. அதனால்தான் குட்டைத் தூணுக்கு முழு உயரத்துக்கும் ரிங் நெருக்கம் வேண்டும் என்று அதே நெறிமுறை சொல்கிறது. உங்கள் வீட்டில் நிலநடுக்கம் வராமலே வெடித்திருக்கிறது. மேட்டுப்பக்கம் கொட்டி நிரப்பிய மண் மழையில் ஊறித் தூணைத் தள்ளியிருக்கலாம், ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) இறங்கியிருக்கலாம். அங்கே தனியாகத் தடுப்புச்சுவர் இருக்கிறதா, அதில் நீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா என்று இன்ஜினியர் பார்க்க வேண்டும். காரணத்தை நீங்களாக முடிவுகட்டி நோட்டீஸில் எழுதாதீர்கள். அளவுகளை மட்டும் எழுதுங்கள்.

முட்டு பிரித்த விஷயம் சிறியதாகத் தோன்றும். என் பார்வையில் இது உங்கள் வாதத்தில் வலுவான பகுதி. கான்கிரீட் வேலைக்கான நெறிமுறை ஐ.எஸ். 456-இன்படி, தளத்தின் தாங்கல்களுக்கு இடையிலான நீளம் 4.5 மீட்டருக்குள் இருந்தால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள். இந்த நாட்கணக்கே சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு, சூழல் வெப்பம் 15 பாகை செல்சியஸுக்குக் குறையாத இடத்துக்குச் சொன்னது. கோத்தகிரியின் ஜனவரி இரவு அதற்கு எவ்வளவு கீழே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் பழகிய கணக்கை மலையில் போட்டிருக்கிறார்கள். ஹாலின் குறுக்களவை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கான்கிரீட் போட்ட நாள், முட்டு பிரித்த நாள் இரண்டுக்கும் வாட்ஸ்ஆப் படங்கள் இருந்தால் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அவற்றைச் சாட்சியாகக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63(4) பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும்.

சோதனைக்கு என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடத்தையோ, கோவையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையையோ அழையுங்கள். கம்பி எங்கே, எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்பதை ஸ்கேனர் கருவியால் எல்லாத் தூண்களிலும் குறிக்கச் சொல்லுங்கள்; இரண்டு தூணை மட்டும் காட்டினால் "அங்கே மட்டும் தவறிவிட்டது" என்பார்கள். கோர் (துளையிட்டு எடுக்கும் கான்கிரீட் உருளை மாதிரி) எடுப்பதாக இருந்தால் மூன்றுக்குக் குறையக் கூடாது. மூன்றின் சராசரி குறித்த வலிமையில் 85 விழுக்காடு, தனித்தனியாக எதுவும் 75-க்குக் கீழே போகக் கூடாது. எம் 25 கான்கிரீட் (சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை) என்றால் முறையே 21.25, 18.75 நியூட்டன். வெடித்த தூணில் கோர் போடவே கூடாது.

சோதனைக்கு முன் காண்ட்ராக்டருக்கு வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். சோதனை நடக்கும் நாளும் நேரமும் சொல்லி, அவரோ அவருடைய இன்ஜினியரோ வந்து பார்க்கலாம் என்று அழையுங்கள். அழைத்தும் வராதவர் பிறகு "எனக்குத் தெரியாமல் செய்தார்கள்" என்று சொல்ல முடியாது. மீதி 6 லட்சத்தைப் பற்றியும் அதே நோட்டீஸில் எழுதுங்கள்: வரைபடப்படி வேலை முடியாததால், ஒப்பந்தச் சட்டம் 54-ஆம் பிரிவின்படி நிறுத்தி வைக்கிறோம் என்று. காரணம் எழுதாமல் பணத்தை நிறுத்தினால் கடன்காரராகத் தெரிவீர்கள். வங்கிக் கடன் வாங்கியிருந்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் வங்கி இன்ஜினியர் கொடுத்த சான்றின் நகலையும் வாங்குங்கள். அது வேலை எவ்வளவு முடிந்தது என்பதற்கான சான்று, தரத்துக்கானது அல்ல. எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக் காட்டும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லத் தயாராக இருங்கள்.

புகாருடனேயே, இன்ஜினியர் துணையுடன் வழக்கறிஞர் ஆணையரை (இடத்தைப் பார்த்து அறிக்கை தர நியமிக்கப்படும் வழக்கறிஞரை) அனுப்பிப் பார்வையிடக் கேட்டு மனு போடுங்கள். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் இல்லை. ஐப்பசிக்குள் தீர்ப்பு வராது. ஆணையர் பார்வையும் சோதனை அறிக்கையும் முடிந்துவிட்டால் பழுது வேலையைத் தொடங்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8) பிரிவில் இடைக்கால அனுமதி கேட்கலாம். பழுது என்றால் கிரவுட் அல்ல. இப்படிப்பட்ட தூணைச் சுற்றிலும் கம்பி கட்டிக் கான்கிரீட் உறையாக ஜாக்கெட் போடுவதே வழக்கம், ஏற்கெனவே உள்ள கட்டிடங்களை வலுப்படுத்துவதற்கான ஐ.எஸ். 15988 கேட்கும் குறைந்தபட்சக் கனம் 100 மில்லிமீட்டர், அதாவது 230 தூண் 430 ஆகும். ஃபுட்டிங்கிலிருந்து தொடங்கி, தளத்தைத் துளைத்துக் கம்பி மேலே தொடர வேண்டும். இந்த மதிப்பீட்டுத் தொகையைத்தான் இழப்பீடாகக் கேட்க வேண்டும். குத்துமதிப்பாக "25 லட்சம்" என்று கேட்டால் எடுபடாது.

ஸ்டோர் ரூமுக்கு வருவோம். இதை மறைக்காதீர்கள். முதல் பதிலிலேயே காண்ட்ராக்டர் இதைத்தான் எழுதுவார். பாதி உயரச் சுவர் தூணின் கீழ்ப்பாதியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், நீளமான பள்ளப்பக்கத் தூணும் குட்டைத் தூணாகிவிடுகிறது. கட்டிட அனுமதியை மீறிய பொறுப்பும் உரிமையாளருடையதே; நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, 56-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயருக்குத்தான் வரும். மலையில் கட்டிட உயரத்துக்குப் பொதுவாக 7 மீட்டர் வரம்பு இருப்பதால், அடியில் ஒரு அறை சேர்ந்தால் தளக்கணக்கும் உயரக்கணக்கும் சேர்ந்தே கேள்விக்கு உள்ளாகும். படமும் அளவும் எடுத்தபின், இன்ஜினியர் எழுதிக் கொடுத்து அந்தச் சுவரை நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. புகாரில் "சுவரை நான் கேட்டேன், தூணைச் சிறிதாக்கக் கேட்கவில்லை" என்று ஒரே வரியில் எழுதுங்கள். இழப்பீட்டில் கொஞ்சம் குறையலாம், நம்பகத்தன்மை குறையாது.

கீழ்வீட்டுக்காரர் மண் வெட்டியது தனி விஷயம். நிலம் அதன் இயற்கை நிலையில் பக்கத்து நிலத்தின் தாங்கலைப் பெறும் உரிமையை 1882 வசதியுரிமைச் சட்டம் 7-ஆம் பிரிவு ஏற்கிறது. மேலே கட்டிய வீட்டின் பாரத்துக்கு அந்த உரிமை தானாக வராது. அனுமதியில்லாமல் ஜேசிபி வைத்து வெட்டியிருந்தால், குன்னூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் படங்களுடன் மனு கொடுங்கள். மழைக்கு முன் தடுப்பு போடச் சொல்ல அவரால் முடியும். ஆனால் அதைக் காட்டி 9 அங்குலத் தூணுக்கு காண்ட்ராக்டர் தப்ப முடியாது. வெட்டு எல்லையிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், எப்போது வெட்டியது என்பதையும் அதே இன்ஜினியர் அறிக்கையில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.